தத்தெடுக்கக் காத்திருக்கிறது

எங்கள் அலுவலகச் சுவரில், நான் எழுதிக் கையெழுத்தும் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. எந்த சாஃப்ட்வேரையும் அப்டேட் செய்வதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரையெல்லாம் பாதிக்குமோ அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியின் மொத்த நெட்வொர்க்கையும் பதினாறு வருடமாகக் கட்டி மேய்க்கிறேன். இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டவர்களை நான் வறுத்தெடுத்த கதைகள் அங்கே இன்னும் உலவுகின்றன. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் என் வீட்டில் நான் மூன்றையுமே செய்யவில்லை. நம்ம வீடுதானே, பத்து நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன்.

வீட்டு ஹாலில் அலமாரிக்கு மேலே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. கனமான அகராதி ஒன்றைப் படுக்க வைத்த அளவுதான். அதற்குள் ஒரு கன்டெய்னரில், வீட்டு வைஃபை கருவிகளைக் கட்டுப்படுத்துகிற நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற சாஃப்ட்வேர் ஓடுகிறது. கன்டெய்னர் என்றால் மூடி போட்ட டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைப்பதுதான் அப்டேட். டப்பாவுக்குள் இருப்பது டப்பாவோடு போய்விடும் என்பதால், போகக் கூடாததையெல்லாம் வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்திருப்போம். புதிய டப்பா வந்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்து, தான் யார், தன் பொறுப்பில் யார் யார் என்று தெரிந்துகொள்ளும்.

அதன் பொறுப்பில் நான்கு வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள், அதாவது சிக்னல் கொடுக்கிற பெட்டிகள். நான்குக்கும் பெயர் வைத்தவர் அப்பா. மாடியில் இருப்பது மாடியான், சமையலறையில் இருப்பது சாப்பாட்டுராமன், அப்பாவின் அறைக்கு வெளியே இருப்பது ஒட்டுக்கேட்பான், கேட் தூணில் இருப்பது வாசல்காரன். அப்பா டெலிபோன் இலாகாவில் கேபிள் இணைக்கிற வேலையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவர். பெயர் எழுதி ஒட்டாத ஒரு வயரைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்று வருடத்துக்கு முன் முதல் ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டியபோது அவர் நன்றாக இருந்தார். ஏணியை அவர்தான் பிடித்துக்கொண்டார். நான் இறங்கி வந்து திரையைத் திறந்தேன். யாரோ புண்ணியவான் அந்த சாஃப்ட்வேரை வரிக்கு வரி தமிழாக்கியிருந்தான். புதிய கருவி ஒன்று தெரிந்தது. பக்கத்தில், ‘தத்தெடுக்கக் காத்திருக்கிறது’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு பட்டன்: ‘தத்தெடு’.

அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கி அதை இரண்டு முறை படித்தார்.

“இதை அமுக்கினா முடிஞ்சிடுமா?”

“முடிஞ்சிடும்பா.”

“கொடுத்து வெச்ச மிஷினு. என்னையும் உங்கம்மாவையும் பதினோரு மாசம் அலைய விட்டானுங்க.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எங்கள் வீட்டில் அது மறைத்து வைக்கிற விஷயம் இல்லை. எனக்கு நான்கு வயதில் அவர்கள் என்னை ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து கூட்டி வந்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் தங்கை பிறந்தாள். நான் பெரியவள், அவள் சின்னவள். வித்தியாசம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. இருந்ததில்லை என்றுதான் நாற்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போன பிறகு அப்பாவின் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு நான். ஒரு நாள் காலை காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, “ரொம்ப தேங்க்ஸ் மேடம், நீங்க எந்த செக்‌ஷன்?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவருடைய இலாகாவில் யாரோ ஒரு மேலதிகாரி. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நான் அறைக்குள் போனால் எழுந்து நிற்பார். சின்னவள் வேறு ஊரில் இருக்கிறாள், வருடத்துக்கு மூன்று முறை வருவாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “வாடி சின்னக்குட்டி” என்பார்.

எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மூளை நோய்க்கு நியாய அநியாயம் கிடையாது என்று டாக்டர் விளக்கினார், எனக்கும் புரிந்தது. ஆனால் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிடும்போது, கடைசியில் ரத்தம்தான் நிற்குமா என்று ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வரும். அவரிடம் கேட்டு என்ன பயன்? “நான் விசாரிச்சு சொல்றேன் மேடம்” என்பார்.

போன வருடம் அவர் இரண்டு முறை தனியாக வெளியே போய்விட்டார். முதல் முறை மெயின் ரோட்டு மருந்துக்கடைக்காரர் பார்த்துக் கூட்டி வந்தார். இரண்டாம் முறை அதே ரோட்டில், கடைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒரு லாரிக்கு முன்னால் நின்றிருந்தார். டிரைவர் பிரேக்கை மிதித்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். எங்கே போனீங்க என்று கேட்டால், “ஒரு வேலை பாக்கி இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சின்னவள் அடுத்த நாளே வந்துவிட்டாள். அவள் ஊரில் ஒரு நல்ல முதியோர் இல்லம் இருக்கிறதாம். நர்ஸ், டாக்டர், பூட்டிய கேட், எல்லாம் உண்டு.

“உன்னால ஒண்டியா முடியாதுக்கா. உன்னைக் குறை சொல்லல.”

“முடியும். அவர் இந்த வீட்டை விட்டு எங்கயும் வரமாட்டார்.”

“இன்னொரு தடவை வெளிய போனார்னா?”

வீராப்பில் வாக்குக் கொடுத்தேன். “இன்னொரு தடவை போனார்னா நீ சொல்ற இடத்துக்கு நானே கொண்டுவந்து விடறேன்.”

அதன் பிறகு செய்ததுதான் வாசல் மணி. அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் போன் இருக்கும். வேலையில் இருந்தபோது டெஸ்டரும் ஸ்க்ரூடிரைவரும் கனத்த பை அது, காலியாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. அந்த போன் வீட்டுக்குள் இருக்கும்வரை ஒட்டுக்கேட்பானோடோ மற்ற இரண்டோடோ இணைந்திருக்கும். அது வாசல்காரனுக்கு மாறினால் அவர் கேட்டை நெருங்கிவிட்டார் என்று அர்த்தம். கன்ட்ரோலர் அதைக் கவனித்து, சமையலறையிலும் என் போனிலும் மணி அடிக்கும். ஒன்பது மாதத்தில் பதினேழு முறை அடித்தது. பதினேழு முறையும் அவர் தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் பிடித்துவிட்டேன். காலையில் நர்ஸம்மா இருப்பார், ஒரு மணிக்கு அவர் கிளம்பும்போது நான் வந்துவிடுவேன், மீதி வேலையை வீட்டிலிருந்து பார்ப்பேன். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அந்த மணிதான் நான்காவது ஆள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. நான் வைத்திருந்த பழைய கன்ட்ரோலரில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் நுழையலாம், உடனே அப்டேட் செய்யுங்கள் என்று. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்த வேலை. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். குறட்டை கேட்டது. மணி இரண்டே கால். பழைய டப்பாவை நிறுத்தினேன், அழித்தேன், இருப்பதிலேயே புதியது எதுவோ அதைக் கொண்டு வா என்று கட்டளை கொடுத்தேன்.

கன்ட்ரோலர் நின்றாலும் வைஃபை நிற்காது. இதை வெளியாட்கள் நம்பமாட்டார்கள். மேஸ்திரி சாப்பிடப் போனாலும் கடைசியாகச் சொன்ன வேலையை ஆட்கள் செய்துகொண்டிருப்பதைப் போல, நான்கு ஆக்சஸ் பாயின்ட்களும் தம் பாட்டுக்கு வேலை செய்யும். எல்லா விளக்கும் எரியும், எல்லா போனிலும் நெட் வரும். பார்த்துக்கொண்டிருந்த கண் மட்டும் இருக்காது. அதனால்தான் அவசரம் எனக்கு உறைக்கவில்லை.

புதிய கன்ட்ரோலர் எழுந்தது. எழுந்து, ‘வரவேற்கிறோம், புதிதாகத் தொடங்கலாமா?’ என்று கேட்டது.

மூன்று வருடமாக என் வீட்டைப் பார்த்துக்கொண்ட சாஃப்ட்வேர் என்னை யாரென்று கேட்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது போதாதா? உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்தேன். நான்கு கருவிகளும் இருந்தன. மாடியான், வாசல்காரன் என்ற பெயர்கள் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘இது வேறொருவரின் பொறுப்பில் உள்ளது’. தத்தெடு பட்டன் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. ஒரு முறை ஒருவரிடம் போன கருவி, அவருடைய சாவி இல்லாமல் இன்னொருவரிடம் வராது. அந்தச் சாவியும் பழைய ஃபோல்டரில்தான் இருக்கிறது.

ஃபோல்டர் பத்திரமாக இருந்தது. புதியவன் அதைத் திறக்கத்தான் இல்லை. ஏன் என்று தேடினேன். நாற்காலியைக் கூட நகர்த்தவில்லை. அலுவலகத்தில் என்றால் பதினைந்தாவது நிமிடத்தில், போதும், பழையதையே திரும்பப் போடு என்று கத்தியிருப்பேன். இங்கே என்னிடம் கத்த ஆளில்லை. பிடிவாதம் பிடித்தால் எனக்குக் காது அடைத்துவிடும் என்று அம்மா சொல்வாள். அன்று அடைத்துதான் இருந்தது. ஐந்து அடி தூரத்தில், என் முதுகுக்குப் பின்னால் இருந்த அறையில், குறட்டை நின்றதை நான் கேட்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான். புதிய பதிப்பில், டப்பாவுக்கு உள்ளே அந்த ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வரியைத் திருத்தித் திரும்ப ஓட விட்டேன். பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாடியான், பச்சை. சாப்பாட்டுராமன், பச்சை. ஒட்டுக்கேட்பான், பச்சை. வாசல்காரன், பச்சை. பிறகு போன்கள், லேப்டாப்கள், டிவி. நான் நாற்காலியில் சாய்ந்து, சபாஷ் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பட்டியலில் ‘அப்பா’ இல்லை.

வரும், மெதுவாக வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை நிமிடம் இருக்கும். அப்புறம்தான் திரும்பி அறையைப் பார்த்தேன். போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. செருப்பு இல்லை. கேட் தாழ்ப்பாள் திறந்திருந்தது, கேட்டை மட்டும் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

வீட்டுச் செருப்போடு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். அவர் போனுக்கு அடித்துக்கொண்டே ஓடினேன். மூன்று முறை எடுக்கவில்லை. அந்த லாரி பிரேக் சத்தத்தை நான் நேரில் கேட்டதில்லை. அன்று ஒவ்வொரு வண்டியிலும் கேட்டது. நான்காவது முறை ஒரு பெண் எடுத்தாள்.

“மேடம், இங்க டிரைவிங் ஸ்கூல்ல இருந்து பேசறேன். சார் இங்கதான் இருக்கார். நல்லா இருக்கார். ஃபார்ம் எழுதிட்டிருக்கார்.”

“என்ன ஃபார்ம்?”

“வந்து பாருங்களேன்” என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

மருந்துக்கடை தாண்டி, அவர் அன்று லாரிக்கு முன்னால் நின்ற இடம் தாண்டி, எதிர்ப்பக்கம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். முன்பக்கம் மட்டும் புதிதாகக் கண்ணாடி போட்டு, சாலை விதிகளின் படங்கள் மாட்டியிருந்தார்கள். கதவு நிலையில் வீட்டு எண் பழைய பித்தளைத் தகட்டில் அப்படியே இருந்தது. இருபத்தேழு. அந்த எண்ணை எங்கேயோ படித்திருக்கிறேன் என்று தோன்றியது. நின்று யோசிக்கவில்லை.

அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“மேடம், நீங்களே வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சு. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணும்.”

வரவேற்பில் இருந்த பெண் என்னை ஓரமாக அழைத்தாள். “வந்தவுடனே, எல்லா பேப்பரும் ரெடி, ஃபார்ம் குடுங்கன்னார். எங்ககிட்ட வர்ற எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க, குடுத்துட்டேன். எழுதினதைப் பாத்ததும்தான்... இந்த இடம் முன்னாடி குழந்தைங்க இல்லமா இருந்ததாம் மேடம். எங்க முதலாளி வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடி.”

இருபத்தேழு எங்கே படித்தது என்று அப்போது தெரிந்தது. அலமாரியில் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் இருக்கிற என் தத்துப் பத்திரத்தில், மேல் வரியில்.

ஃபார்மை என்னிடம் நீட்டினாள். டிரைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கான ஒரு பக்கத் தாள். அப்பா கேபிள் லேபிள் எழுதுகிற அதே தனித்தனி எழுத்தில், ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பியிருந்தார்.

விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் தன் பெயர். வயது முப்பத்தெட்டு. தொழில், டெலிபோன் இலாகா, நிரந்தரம். எந்த வகை வாகனம் என்று கேட்டதற்கு, ‘பெண் குழந்தை. நான்கு வயது. மூத்த மகளாக’ என்று எழுதியிருந்தார். பயிற்சிக்கு வசதியான நேரம், ‘எப்போது சொன்னாலும் வருவோம்’. கடைசிக் கட்டம், முன் அனுபவம் உண்டா. அதில், ‘இல்லை. இருவரும் கற்றுக்கொள்வோம்’.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அலுவலகத்தில் யாரும் பார்த்திராத அழுகை. அப்பா பதறிப்போய், தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

“என்ன மேடம், ஏதாவது தப்பா எழுதிட்டேனா?”

“இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு.”

“அப்ப போடுங்க.”

தாளின் அடியில் ‘பயிற்சியாளர் ஒப்பம்’ என்று இருந்தது. அதன் மேல் என் முழுப் பெயரையும் எழுதினேன். என் பெயருக்குப் பின்னால் வருகிற அப்பாவின் பெயரையும் சுருக்காமல் எழுதினேன். அவர் அதைப் படித்துப் பார்த்தார். படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. “நல்ல கையெழுத்து” என்றார்.

“குழந்தை?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். ஒரு நொடிதான் யோசித்தாள். “கிளம்பிட்டிருக்கா சார். நாளைக்கு வாங்க” என்றாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, சின்னவளைக் கூப்பிட்டேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரு கீறலும் இல்லாமல் வந்துவிட்டார், மணியும் திரும்ப வேலை செய்கிறது, பார்த்தவர்கள் யாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. ஆனால் தவறு நடந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளில் அந்த மூன்றுக்கும் கீழே இருக்கிற நான்காவது வரி.

“அப்பா வெளிய போயிட்டார். மணி அடிக்கல. நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். முழுக்க என் தப்பு.”

“எங்க போனார்?”

சொன்னேன். ஃபார்மை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். முன் அனுபவம் என்ற இடத்துக்கு நான் வருவதற்குள் அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

“மூணு தடவையும் உன்னைக் கூப்பிடத்தான் போயிருக்காராக்கா?”

“அப்படித்தான் தோணுது.”

“என்னைப் பாத்ததும் சின்னக்குட்டின்னு கூப்பிடுவாரே. அவருக்கு நான் மட்டும்தான் ஞாபகம் இருக்கேன்னு எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு. உன்கிட்ட சொல்ல வெக்கம்.”

“எனக்கு வயித்தெரிச்சல் இருந்துச்சு. அதையும் சொல்ல வெக்கம்தான்.”

பிறகு அவளே சொன்னாள். “அங்க ஒரு படுக்கை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன். இல்லத்துலேர்ந்து ஒரு குழந்தையைக் கூட்டிட்டு வரக் கிளம்பற மனுஷனை, நாம கொண்டுபோய் இல்லத்துல விடறதா?”

“நான் குடுத்த வாக்கு?”

“யார்கிட்ட குடுத்த? என்கிட்டதானே. நான் விட்டுட்டேன். ஆனா இனிமே மாசத்துல ஒரு வாரம் நான் வந்துருவேன். நீ ஒண்டியா கிழிச்சது போதும்.”

அந்த ஃபார்ம் இப்போது தத்துப் பத்திரத்தோடு, அதே புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. வேறொரு பிரதி சர்வரில் அந்த வெளி ஃபோல்டரில் இருக்கிறது. பேக்கப் எடுத்தேன். திறக்கிறதா என்றும் பார்த்தேன்.

மறுநாள் மதியம் இரண்டே முக்காலுக்கு அப்பா எழுந்தார். போர்வையை மடித்தார். தலை வாரினார். நான் அவருடைய செருப்பைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்திருந்தேன். கேட்டுக்குப் போனதும் என் போனில் மணி அடித்தது, அணைத்துவிட்டேன். மெயின் ரோட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலதிகாரி கையைப் பிடித்ததில் அவருக்குச் சங்கடம், ஆனாலும் விடச் சொல்லவில்லை.

“மேடம், உங்களுக்குக் குழந்தைங்களைப் பத்தித் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும்.”

“நாலு வயசு. புது வீடு. ராத்திரி பயந்துக்குமோ?”

“முதல்ல ரெண்டு மூணு நாள் அழும். அப்புறம் உங்க சட்டைப் பையைப் பிடிச்சுக்கிட்டு தூங்கும்.”

அவர் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது எப்படி அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

“தெரியும்பா” என்றேன்.

அவர் தலையாட்டினார். சட்டைப் பையைத் தடவி, போனை எடுத்து, காலியாக இருந்த என் இன்னொரு கையில் கொடுத்தார். “இதைக் கொஞ்சம் வெச்சுக்கோங்க. பை காலியா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்பதைப் போல வேகமாக நடக்க ஆரம்பித்தார்.